சின்ன ஊர்ப் படங்களும் கதைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினைந்து வருடமாக, லீவு கிடைக்கும்போதெல்லாம் பஸ் ஏறித் தமிழ்நாட்டின் சின்ன ஊர்களுக்குப் போய்வருகிறேன். எடுத்த படங்களையும் கேட்ட கதைகளையும் எழுதிப் பகிர்கிறேன். தாங்களும் இப்படிச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறவர்கள் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன்.

என்கிட்ட நல்ல கேமரா இல்லை, போன்தான் இருக்கு. அது போதுமா?

போதும். நான் பகிர்ந்ததில் பாதிக்கு மேல் போனில் எடுத்தவை. லென்ஸைத் துணியால் துடைத்துவிட்டு எடுங்கள். விரலால் விரித்துப் பெரிதாக்காமல் காலால் நடந்து பக்கத்தில் போய் எடுங்கள். இந்த இரண்டையும் செய்தாலே பாதிக் குறை தீர்ந்துவிடும்.

கேமராவைவிட நேரம் முக்கியம். கழுகுமலையில் மலைச்சரிவில் வரிசையாகச் செதுக்கியிருக்கும் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களை உச்சி வெயிலில் எடுத்தால் பாறையும் சிற்பமும் ஒரே நிறமாகத் தட்டையாக விழும். வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து வரும் நேரம் வரை காத்திருந்தால் அதே போனில் சிற்பங்களுக்குக் கீழே உள்ள வட்டெழுத்து வரிகள்கூடத் தெரியும். அங்கே முதல் தடவை பன்னிரண்டு மணிக்குப் போய் ஏமாந்தேன். இரண்டாவது தடவை முந்தின நாளே கோவில்பட்டியில் தங்கிவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

எந்த ஊருக்குப் போறதுன்னு எப்படி முடிவு பண்றீங்க?

நடுவில் ஒரு ஊரை வைத்துக்கொண்டு அதைச் சுற்றி நடப்பேன். கோவில்பட்டியை எடுத்துக்கொண்டால் மேற்கே கழுகுமலை, கிழக்கே எட்டயபுரம். எட்டயபுரத்துக்குப் போகிற பலர் 1882இல் பாரதி பிறந்த வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதே ஊரில்தான் சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கியிருக்கிறார். 1835இல் காலமான முத்துசாமி தீட்சிதரின் சமாதியும் அங்கேதான். ஒரு நாள் முழுக்க நடந்தால்தான் அந்த ஊர் பிடிபடும்.

ஒரு பயணத்தில் ஐந்து ஊர் என்று கணக்கு வைக்காதீர்கள். ஒரு ஊர், ஓர் இரவு. கடைசி பஸ் போன பிறகு இருக்கிற ஊர் பகலில் பார்த்த ஊர் மாதிரி இருக்காது. கடைக்காரர் அப்போதுதான் ஓய்வாக உட்கார்ந்து பேசுவார்.

ஊர்ல இறங்கினதும் முதல்ல என்ன செய்யணும்?

கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு டீ குடியுங்கள். "எந்த ஊரு, யாரைப் பார்க்க வந்தீங்க?" என்று எப்படியும் யாராவது கேட்பார்கள். வந்த காரணத்தை உள்ளபடியே சொல்லுங்கள். படம் எடுத்து எழுதப் போகிறேன் என்று அப்போதே சொல்லிவிட்டால் அந்தச் செய்தி உங்களுக்கு முன்னால் தெருத்தெருவாகப் போய்விடும். அப்புறம் யாரும் சந்தேகமாகப் பார்க்க மாட்டார்கள்.

ஆளுங்களை எடுக்கும்போது கேட்டுட்டு எடுக்கணுமா? கேட்டா அந்த இயல்பு போயிடுதே?

கேட்டுத்தான் எடுக்க வேண்டும். கேட்டதும் சட்டையை இழுத்துவிட்டு விறைப்பாக நிற்பார்கள், உண்மைதான். அந்தப் படத்தையும் எடுங்கள். தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்புகிறார் என்பது அதில் இருக்கிறது. எடுத்ததைக் காட்டிவிட்டுப் பேசிக்கொண்டே இருந்தால் ஐந்து நிமிடத்தில் அவர் தன் வேலைக்குத் திரும்பிவிடுவார். நீங்கள் தேடிய இயல்பு அப்போது வரும்.

சில இடங்களில் கேட்பதற்கு முன்பே விலக வேண்டும். காயல்பட்டினத்தில் பெண்கள் தெருவுக்கு வராமலே வீட்டுக்கு வீடு போய்வர முடுக்குகள் உண்டு. குறுகலான சந்து, இருபுறமும் சுவர், மேலிருந்து விழும் வெளிச்சம் என்று படத்துக்கு அருமையான இடம்தான். ஆனால் அது அவர்கள் புழங்குவதற்கென்று விட்ட வழி. அதன் வாயில் கேமராவோடு நிற்பதே தப்பு. கிணற்றடி, குளத்துப் படித்துறை, இழவு வீடு எல்லாவற்றுக்கும் இதே நிதானம் வேண்டும்.

சின்னப் பசங்களே ஓடிவந்து "அண்ணா, என்னை எடுங்க"ன்னு சொல்றாங்க. எடுத்துப் போடலாமா?

எடுத்து அவர்களிடம் காட்டுங்கள், சந்தோஷப்படுவார்கள். பொதுவில் போடுவதென்றால் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டாக வேண்டும். குழந்தையின் பெயர், பள்ளிக்கூடத்தின் பெயர், சீருடை எல்லாம் சேர்ந்து ஒரே பதிவில் வரக்கூடாது. பெற்றோரைப் பார்க்க முடியவில்லை என்றால் நான் போடுவதில்லை.

கோயிலுக்குள்ள படம் எடுக்கலாமா, கூடாதா? ஒவ்வொரு இடத்துல ஒவ்வொண்ணு சொல்றாங்களே?

ஒவ்வொரு இடத்துக்கும் விதி வேறு, அதனால்தான் இந்தக் குழப்பம். வழிபாடு நடக்கிற, அறநிலையத் துறையின் கீழ் உள்ள கோயில்களில் கைபேசி பயன்படுத்தத் தடை விதிக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. அங்கே கைபேசியை ஒப்படைத்துவிட்டுச் சாமி கும்பிட்டு வாருங்கள். கோபுரத்தையும் தெப்பக்குளத்தையும் தேர்முட்டியையும் வெளியே நின்று எடுத்துக்கொள்ளலாம்.

மத்தியத் தொல்லியல் துறையின் நினைவுச் சின்னங்களில் கையில் பிடித்துச் சாதாரணமாகப் படம் எடுக்கலாம், முக்காலி வைக்க முன்அனுமதி வேண்டும். எங்கே போனாலும் காவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சித்தன்னவாசலில் கூரையில் இருக்கிற தாமரைக்குளம் ஆயிரம் வருடத்துக்கு மேல் பழைய ஓவியம். அந்த மாதிரி இடத்தில் ஃபிளாஷ் கூடவே கூடாது. காவலர் எடுக்க வேண்டாம் என்றால் வாதாடாமல் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். அவர் ஒருவர்தான் அங்கே தினமும் நிற்கிறார்.

ட்ரோன் பறக்கவிடலாமா?

2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளைப் படித்துவிட்டு, அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் அந்த இடம் பச்சையா மஞ்சளா சிவப்பா என்று பாருங்கள். 250 கிராமுக்கு உட்பட்ட நானோ வகைக்குச் சலுகைகள் உண்டு, ஆனாலும் சிவப்பு என்றால் அனுமதியில்லாமல் பறக்கவிடக் கூடாது. சட்டம் விட்டாலும் வீட்டு முற்றத்தின்மேல் பறக்கவிட வேண்டாம். திறந்த முற்றம் இருக்கிற ஊரில் மேலிருந்து பார்ப்பது வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதுதான்.

கல்வெட்டு மங்கலா இருக்கு. சாக்பீஸ் தடவினா எழுத்து நல்லாத் தெரியுமாமே?

தயவுசெய்து தடவாதீர்கள். சாக்பீஸ், மாவு, எண்ணெய், தண்ணீர் எதுவும் வேண்டாம். கல்வெட்டு ஆய்வாளர்கள் மைப்படி எடுப்பது (எழுத்தை மையால் தாளில் ஒற்றியெடுப்பது) தனிப் பயிற்சி. நமக்குப் பக்கவாட்டு வெளிச்சம் போதும். காலையோ மாலையோ போங்கள். நிழலில் இருக்கிற கல் என்றால் நண்பரை ஒரு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கத்திலிருந்து அடிக்கச் சொல்லுங்கள்.

படத்தோட என்ன குறிப்பு எழுதணும்? அழகா ரெண்டு வரி போதாதா?

அழகான இரண்டு வரியை அப்புறம் எழுதிக்கொள்ளுங்கள். முதலில் ஊர், வட்டம், மாவட்டம், எடுத்த தேதி, எந்தத் திசையிலிருந்து எடுத்தது என்று எழுதுங்கள். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன், அதற்குக் காரணம் இருக்கிறது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராசர் சிலை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்தில் இருப்பது தெரியவந்து, 2014இல் இந்தியாவுக்குத் திரும்பி வந்தது. அது அந்தக் கோயில் சிலைதான் என்று காட்ட உதவியவை புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் சேகரிப்பில் இருந்த பழைய படங்கள். ஊர் ஊராகப் போய் எடுத்து, எந்தக் கோயில் எந்தச் சிலை என்று குறித்து வைத்திருந்ததால்தான் அவை சாட்சி ஆயின.

நாம் எடுக்கும் எந்தப் படம் எப்போது தேவைப்படும் என்று இன்றைக்குத் தெரியாது. இடிக்கப் போகிற சத்திரம், வெட்டப் போகிற புளியமரம், அடுத்த கும்பாபிஷேகத்தில் வண்ணம் பூசி மறைக்கப் போகிற தூண் என்று எதுவாகவும் இருக்கலாம். தேதியும் இடமும் இல்லாவிட்டால் அவை வெறும் அழகான படங்களாக நின்றுவிடும்.

ஊர்ல ஒரு பெரியவர் ஒரு கதை சொன்னார். அதை அப்படியே எழுதலாமா, சரித்திரத்தோட ஒத்துவரலையே?

எழுதுங்கள். யார் சொன்னார்கள், எங்கே வைத்துச் சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கழுகுமலை வெட்டுவான் கோவில், பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கிய எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலக் கோயில். முழுதாக முடியவில்லை. ஏன் நின்றது என்று ஊரில் கேட்டால் ஒரு கதை சொல்வார்கள். அப்பா மலைமேல் ஒரு பக்கம் சிற்பம் செதுக்க, மகன் இன்னொரு பக்கம் கோயில் செதுக்கினான். மகனின் வேலை அழகாக வருகிறது என்ற பேச்சு காதில் விழ, பொறாமையில் அப்பா உளியை எறிந்து மகனைக் கொன்றுவிட்டார். கோயில் பாதியில் நின்றது.

இதைச் சரித்திரம் என்று எழுதினால் தப்பு. தொழிலில் வளர்ந்த மகனும் தோற்றுப்போன தந்தையும் மோதும் கதைகள் கர்நாடகச் சிற்பிகளைப் பற்றியும் உண்டு. அதற்காகக் கட்டுக்கதை என்று தள்ளிவிட்டாலும் தப்பு. பாதியில் நின்ற கல்லைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு ஊர் அதற்குத் தானே தேடிக்கொண்ட விளக்கம் அது. "கல்வெட்டும் கலைப்பாணியும் சொல்வது இது, ஊரில் சொல்வது இது" என்று இரண்டையும் தனித்தனிப் பத்தியாக வைப்பேன். கதை சொன்னவர் அனுமதித்தால் அவர் என்ன வேலை பார்க்கிறார் என்பதையும் எழுதுவேன். தேரடியில் பூக்கட்டுகிறவர் சொல்லும் கதைக்கும் பள்ளி ஆசிரியர் சொல்லும் கதைக்கும் வித்தியாசம் இருக்கும்.

வருஷம், ராஜா பேரு எல்லாம் எங்கே சரிபார்க்கிறது?

முதலில் அந்த இடத்திலேயே இருக்கிற தொல்லியல் துறைப் பலகை. அதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். மாவட்டத் தொல்லியல் கையேடுகளையும் ஊர் வரலாறுகளையும் அதில் படிக்கலாம். கல்வெட்டு என்றால் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகள் இருக்கின்றன. புதுக்கோட்டைப் பக்கம் போகிறவர்களுக்கு 1929இல் அந்தச் சமஸ்தானமே வெளியிட்ட கல்வெட்டுத் தொகுப்பு ஒரு வரம்.

அடிக்கடி பார்க்கிற ஒரு பிழை: தரங்கம்பாடிக் கோட்டையை "டச்சுக் கோட்டை" என்று எழுதுவது. அது டென்மார்க்காரர்கள் 1620இல் தஞ்சை நாயக்கர் ரகுநாதரோடு உடன்படிக்கை செய்துகொண்டு கட்டியது. 1845இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். டச்சுக்காரர்களின் கோட்டை கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் சதுரங்கப்பட்டினத்தில் இருக்கிறது. டேனிஷ், டச்சு என்ற பெயர்கள் ஒலியில் பக்கத்தில் இருப்பதால் வரும் குழப்பம், ஆனால் ஒருவர் எழுதியதைப் பத்துப் பேர் எடுத்துப் போட்டால் அப்படியே நிலைத்துவிடும்.

ஊர்ப் பேரை எப்படி எழுதுறது? ஒவ்வொரு போர்டுலயும் ஒவ்வொரு மாதிரி இருக்கு.

தமிழில் ஊர்க்காரர்கள் எழுதுகிற மாதிரி எழுதுங்கள். பஞ்சாயத்து அலுவலகப் பலகையையும் ரேஷன் கடைப் பலகையையும் பார்த்தால் போதும். ஆங்கில எழுத்தில் சிக்கல் இருக்கிறது. 2020 ஜூன் மாதம் 1018 ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி அரசு ஆணை வந்து, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. அதனால் ஆங்கிலத் தேடலுக்காகப் பழைய எழுத்து, புதிய எழுத்து இரண்டையும் குறிப்பில் போட்டுவைக்கிறேன்.

"யாருக்கும் தெரியாத ஊர்", "பேய் நகரம்"னு தலைப்பு வச்சாத்தான் பார்க்கிறாங்க. அதுல என்ன தப்பு?

அந்த ஊரில் இருக்கிறவருக்கு அந்த ஊர் தெரியும். இந்த ஒன்றைத்தான் நான் யாரிடமும் விட்டுக்கொடுப்பதில்லை. தனுஷ்கோடியை எடுத்துக்கொள்ளுங்கள். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ரயில் நிலையம், தேவாலயம், வீடுகள் எல்லாம் போயின. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலும் அப்படியே கடலுக்குப் போனது. வாழத் தகுதியற்ற ஊர் என்று அறிவித்தார்கள். இடிந்த தேவாலயச் சுவரைப் படம் எடுத்து "பேய் நகரம்" என்று போட்டால் நிறையப் பேர் பார்ப்பார்கள், உண்மைதான்.

ஆனால் அந்தச் சுவருக்குப் பின்னால் குடிசை போட்டு மீனவக் குடும்பங்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். மணலைத் தோண்டி ஊற்றெடுக்கும் நல்ல தண்ணீரைச் சிரட்டையில் மொள்கிறார்கள். 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தபின் சங்கு, பாசி விற்று ஏதோ வருமானம் பார்க்கிறார்கள். நாம் எழுதியதை அவர்கள் வீட்டுப் பிள்ளை போனில் படித்தால், தன் அப்பாவும் அம்மாவும் அந்தத் தலைப்பில் எங்கே என்று தேடாதா? இப்போதெல்லாம் தலைப்பு எழுதியதும் அந்தப் பிள்ளையை நினைத்துக்கொண்டு ஒரு தடவை படித்துப் பார்க்கிறேன்.

சரியான இடத்தைச் சொன்னா கூட்டம் வந்து கெடுத்துடும், சொல்லாட்டா "மறைக்கிறான்"னு திட்டுறாங்க. என்ன பண்றது?

மூன்று விஷயங்களில் மறைக்கிறேன். முதலாவது, கூடு. மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. அங்கே வல்லூறு மாதிரியான வேட்டைப் பறவைகள் பாறை இடுக்குகளில் இருக்கின்றன. ஊரைச் சொல்வேன், சமணப் படுக்கையையும் குடைவரைக் கோயிலையும் சொல்வேன், கூடு எந்தப் பாறையில் என்று சொல்ல மாட்டேன். சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. அவர்கள் காக்கிற பறவையை ஒரு படத்துக்காக நாம் கூட்டைவிட்டு எழுப்பலாமா?

இரண்டாவது, காவலில்லாத கோயிலில் இருக்கிற சிலை. மூன்றாவது, கானாடுகாத்தான் பக்கம் இருக்கிற மாதிரி ஆளில்லாமல் பூட்டிக்கிடக்கும் பெரிய வீடு. உள்ளே என்ன மரவேலை, எந்தக் கதவு தளர்ந்திருக்கிறது என்று படத்தோடு காட்டினால் திருடனுக்குத்தான் உதவும். தேதி, இடம் எழுத வேண்டும் என்று மேலே சொன்னேன். இந்த மூன்றுக்கும் அந்தக் குறிப்பு நம் கோப்பில் இருக்கட்டும், பொதுவில் வேண்டாம். படக் கோப்புக்குள்ளேயே ஜிபிஎஸ் இடம் பதிந்திருக்கும், அதையும் நீக்கிவிட்டு ஏற்றுங்கள்.

ஊர்ல ஒரு பழைய சாதித் தகராறு பத்தி இருட்டினதும் மெல்லச் சொன்னாங்க. அதை எழுதலாமா? அழகான ஊரைப் பத்தி எழுதும்போது எதுக்குன்னு தோணுது.

பதிவான சரித்திரம் என்றால் எழுத வேண்டும். கழுகுமலையிலேயே 1895இல் தேரோடும் வீதியில் ஊர்வலம் போகும் உரிமைக்காக எழுந்த தகராறு கலவரமாகி உயிர்கள் போயின. அதே வீதியில் நின்று தேரை மட்டும் படம் எடுத்துக் காவடிச்சிந்து பிறந்த ஊர் என்று எழுதிவிட்டு வந்தேன். பிறகு படித்துத் தெரிந்துகொண்டதும் அந்தக் கட்டுரையில் ஒரு பத்தி சேர்த்தேன். அழகு குறைந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை.

இன்றைக்கு நடக்கிற தகராறு வேறு. உங்களிடம் மெல்லச் சொன்னவர் நாளைக்கும் அதே தெருவில்தான் இருக்க வேண்டும். நாம் பஸ் ஏறிவிடுவோம். அவர் பெயர், வேலை, வீடு இருக்கும் இடம், உட்கார்ந்து பேசிய திண்ணையின் படம் எதுவும் வெளியே வரக்கூடாது. கதை சொன்னவரின் வேலையைக் குறிப்பிடுவேன் என்று முன்பு சொன்னது இங்கே பொருந்தாது. ஒரு தரப்பை மட்டும் கேட்டிருந்தால் எழுதாமல் வைத்திருந்து இன்னொரு தடவை போய்வாருங்கள்.

ஒரு வீட்டுல பழைய போட்டோ காட்டினாங்க. அதை நான் படம் எடுத்துப் போடலாமா?

வீட்டுக்காரர் சம்மதித்தால் எடுங்கள். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிப்போன படத்தைப் பிரிக்க முயலாதீர்கள், கிழிந்துவிடும். திண்ணை நிழலில் வைத்து நேர் மேலிருந்து எடுத்தால் போதும். பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரை, தேதி, சில நேரம் ஒரு வரிக் கடிதம்கூட இருக்கும். படத்தில் இருப்பவர்களை இடமிருந்து வலமாக யார் யார் என்று அங்கேயே உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பெயர்கள் தெரிந்த கடைசி ஆள் அந்தப் பாட்டியாகவே இருக்கலாம்.

பதிப்புரிமை தனி விஷயம். படம் வீட்டில் இருப்பதாலேயே உரிமை வீட்டுக்காரருக்கு என்று ஆகாது. இந்தியச் சட்டப்படி, வெளியான புகைப்படத்துக்கு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு பாதுகாப்பு உண்டு. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது உரிமை எடுக்கச் சொன்னவருக்கு. குடும்பம் ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்துக்கொண்ட படங்களில் பெரும்பாலும் சிக்கல் வராது. பத்திரிகையில் வந்த படம் என்றால் கவனம் வேண்டும்.

நான் எடுத்த படத்தை வேற யாரோ பேர் போடாம எடுத்துப் போட்டுட்டாங்க. என்ன செய்றது?

மேலே சொன்ன அதே சட்டம்தான். எடுத்த நாளிலிருந்து படம் உங்களுடையது, பதிவு செய்யத் தேவையில்லை. மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள், அதுதான் ஆதாரம். முதலில் மரியாதையாக ஒரு செய்தி அனுப்புங்கள். எனக்குப் பாதிக்கு மேல் அதிலேயே தீர்ந்திருக்கிறது. எல்லோரும் பயன்படுத்தட்டும் என்று நினைத்தால் விக்கிமீடியா காமன்ஸில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ஏற்றலாம். அங்கே வியாபாரத்துக்கும் எடுத்துக்கொள்வார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு ஏற்றுங்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் படமே இல்லாத பேரூராட்சிப் பக்கங்களுக்கு நான் அப்படித்தான் கொடுக்கிறேன்.

நாம படம் எடுத்த ஆளுங்களுக்குக் காசு கொடுக்கணுமா?

படத்துக்கென்று காசு கொடுப்பதில்லை. அவரிடம் ஏதாவது இருந்தால் வாங்குவேன்: பனங்கிழங்கு, முறுக்கு, பாய் என்று எது விற்கிறாரோ அது. ஊருக்குத் திரும்பியதும் பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்புவேன். அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு அனுப்பாமல் இருப்பதுதான் நம்மைப் போன்றவர்கள்மேல் ஊர்களில் இருக்கும் பெரிய வருத்தம். முகவரி எழுதத் தனியாக ஒரு நோட்டு வைத்திருங்கள். இரண்டாவது தடவை போனபோது ஒரு டீக்கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் நான் அனுப்பிய படம் மாட்டியிருந்தது. அன்றைக்கு டீக்குக் காசு வாங்கக் கடைக்காரர் மறுத்துவிட்டார்.

எழுதினது தப்புன்னு அந்த ஊர்க்காரங்களே சொன்னா?

ஒரு தடவை, ஒரு ஊர்க் கண்மாய் வறண்டு கிடந்ததைப் படம் எடுத்து "கைவிடப்பட்ட நீர்நிலை" என்று எழுதினேன். இரண்டு நாளில் அந்த ஊர்க்காரர் ஒருவர் அழைத்தார். கோபமே இல்லை, வருத்தம்தான். "மடை ரிப்பேருக்காக நாங்களே தண்ணியை வடிச்சிருந்தோம் தம்பி. வீட்டுக்கு வீடு வரி போட்டு வேலை செஞ்சது. ஒரு ஆளைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்களே" என்றார். நான் மூன்றாவது கேள்வியில் சொல்லியிருக்கும் டீயை அன்றைக்குக் குடிக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று இறங்கின சூட்டோடு எடுத்துவிட்டு ஓடிவந்திருந்தேன்.

பதிவை அழிக்கவில்லை. தப்பாக எழுதியிருந்தேன் என்று மேலேயே ஒரு வரி போட்டு, அவர் சொன்னதைச் சேர்த்துத் திருத்தினேன். ஐப்பசி மழைக்குப் பிறகு மறுபடியும் போனேன். கண்மாய் கரை தொட்டுக் கிடந்தது. அவரே மடைமேல் நின்று எங்கே நின்று எடுக்க வேண்டும் என்று காட்டினார். இப்போது அந்தக் கட்டுரையில் முதலில் வருவது அந்தப் படம்.